சாளரத்தை அண்மித்த கற்றல் அலகு

கல்வித் தத்துவத்தில் ஒரு கட்டுரை எழுதி அதை அச்சில் பார்க்க வேண்டும் என்று உங்களில் யாருக்காவது ஆசை இருந்தால், முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுக் கொஞ்சம் படுத்துப் பாருங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். சரியாகவில்லை என்றால் மேலே படியுங்கள். வயிற்றெரிச்சலில்தான் எழுதுகிறேன், அதை மறைக்கப் போவதில்லை.

நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் விரிவுரையாளன். என் அக்கா ஒன்றாம் வகுப்பு டீச்சர். அப்பா அம்மா போன பிறகு நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருந்தோம். அக்காவின் குரல் அக்கம்பக்கம் எல்லாருக்கும் தெரிந்த குரல். அவள் வகுப்பில் 'அ' என்றால் பக்கத்துத் தெருவில் தூங்குகிற குழந்தை எழுந்து உட்கார்ந்து 'ஆ' என்னும். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. டாக்டர் கட்டியை எடுத்தார், குரலும் அதோடு போயிற்று. அதற்குப் பிறகு வெறும் காற்றுதான் வரும், உதட்டுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனால் கேட்கும்.

அக்கா அதற்கெல்லாம் அசருகிறவள் இல்லை. தையல் பிரித்த கையோடு பள்ளிக்குப் போய்விட்டாள். ஒரு பருவம் முழுக்கக் குரல் இல்லாமல் பாடம் நடத்தினாள். விரலால் எழுத்தைக் காட்டுவாள். ஒரு பிள்ளை அதை உரக்கப் படிக்கும், தப்பாக. இன்னொன்று "இல்ல, அது 'ழ' இல்ல" என்று எழுந்து நிற்கும். மூன்றாவது இரண்டு பேரையும் அதட்டும். அக்கா திருத்த வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். கடைசியில் அவர்களே பேசி, சண்டை போட்டு, சரியான எழுத்துக்கு வந்து சேர்வார்கள். நான் பேசின வருஷமெல்லாம் இவங்க என்னை மட்டும்தான் கேட்டாங்க, இப்பத்தான் ஒருத்தரை ஒருத்தர் கேக்கறாங்க என்று வீட்டுக்கு வந்து என் காதில் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவாள்.

அந்த வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். எப்போதும் ஜன்னல் பக்கம்தான் பார்வை. அக்கா அவளுக்கு ஜன்னலம்மா என்று பேர் வைத்திருந்தாள். குரல் இருந்த காலத்தில் நாளுக்கு நாலு தடவையாவது, "ஏய் ஜன்னலம்மா, உள்ள வா!" என்று ஒரு சத்தம் போடுவாள். வகுப்பு சிரிக்கும். ஜன்னலம்மாவும் சிரித்துக்கொண்டே திரும்பிப் புத்தகத்தைப் பார்ப்பாள். குரல் போன பிறகு அக்கா கை தட்டிப் பார்த்தாள், மேஜையைத் தட்டிப் பார்த்தாள். முதலில் ஒன்றிரண்டு முறை அந்தப் பெண் திரும்பினாள். அப்புறம் திரும்புவதில்லை. அப்புறம் வருவதும் இல்லை. அக்கா தேடிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். வாசலில் மூட்டை கட்டி வைத்திருந்தார்கள், வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறார்களாம். அந்தப் பெண்ணின் அம்மா சொன்னது இவ்வளவுதான்: "டீச்சர் இப்பல்லாம் என்னைக் கூப்பிடறதே இல்லம்மா, நான் போகலைன்னு ஒரே அழுகை. நாங்களும் கிளம்பறோம், சரி விடுன்னு விட்டுட்டோம்."

அன்று வீட்டுக்கு வந்து அக்கா சாப்பிடவில்லை.

"டேய் தம்பி, என் குரல் போனதால ஒரு வகுப்பே காது கொடுத்துக் கேக்கக் கத்துக்கிச்சு. அதே குரல் போனதால ஒரு பொண்ணு படிப்பையே விட்டுடுச்சு. நான் செஞ்சது சரியா தப்பா?"

நான் கல்வித் தத்துவம் நடத்துகிறவன். எனக்குப் பதில் தெரியவில்லை. தத்துவத்தில் இதற்கு இரண்டு மூன்று பார்வைகள் உண்டு என்று ஏதோ உளறினேன்.

"பார்வை கிடக்கட்டும். பதில் தெரிஞ்சவங்க யாராவது இருப்பாங்கல்ல? இதுக்குன்னு பத்திரிகை எல்லாம் நடத்தறாங்கல்ல? எழுது. நான் சொல்றேன், நீ எழுது. யாராவது படிச்சுட்டு, அம்மா நீ செஞ்சது தப்புன்னு திட்டினாலும் பரவால்ல. பதில்னு ஒண்ணு வரணும்."

அப்படித்தான் அந்தக் கட்டுரை பிறந்தது. அவள் என் காதில் சொன்னாள், நான் எழுதினேன். அவள் பேச்சைப் பெரிதாக மாற்றவில்லை. கடைசி வரி அந்தக் கேள்விதான்.

நாட்டில் கல்வித் தத்துவத்துக்கென்று இருப்பது ஒரே ஆய்விதழ். அதற்கு அனுப்பினோம். இணையத்தில் படிவம் நிரப்ப வேண்டும். பதில் யாருக்கு வர வேண்டும் என்ற இடத்தில் தன் மின்னஞ்சலைத்தான் போட வேண்டும் என்று அக்கா அடம்பிடித்தாள். "கேள்வி என்னோடது. பதிலும் எனக்குத்தான் வரணும்." போட்டேன். கட்டுரை அனுப்புகிறவர்கள் பிறர் கட்டுரைகளை மதிப்பிடவும் சம்மதிக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அக்கா சார்பில் நான் சம்மதித்தேன். உங்கள் தனித்துறை என்ன என்று கேட்டது. வேறு என்ன போடுவது, 'ஆசிரியரின் மௌனம்' என்று போட்டு என் மின்னஞ்சலைக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து நான் கல்லூரி முடிந்து வீட்டுக்குள் கால் வைக்கும்போதெல்லாம் அக்கா கைப்பேசியைத் தூக்கிக் காட்டிப் புருவத்தை உயர்த்துவாள். பதில் வந்துச்சா என்று அர்த்தம். அவள் கையில்தான் கைப்பேசி இருக்கிறது, வந்தால் அவளுக்குத்தான் முதலில் தெரியும். ஆனாலும் என்னைத்தான் கேட்பாள்.

வந்த முதல் பதில், பக்க ஓரத்தில் விட வேண்டிய இடம் போதவில்லை என்பது. விட்டு அனுப்பினோம். இரண்டாவது பதில், இவ்வளவு இடம் விடக் கூடாது என்பது. மூன்றாவதாகத்தான் மதிப்பீட்டாளர்களின் கருத்து வந்தது. மதிப்பீட்டாளர்கள் இரண்டு பேர். யார் என்பது பரம ரகசியம்.

முதலாமவர் எழுதியிருந்தார்: "இக்கட்டுரையில் 'நான்' என்று ஒருவர் அடிக்கடி வருகிறார். அவர் யார்? அவர் இருப்பதற்கான சான்றாதாரம் தரப்படவில்லை. நீக்கவும். 'குழந்தை' என்னும் சொல் உணர்ச்சி கலந்தது. 'கற்றல் அலகு' என மாற்றவும்."

இரண்டாமவர் எழுதியிருந்தார்: "இத்துறையின் முன்னோடி ஒருவர் மேற்கோள் பட்டியலில் விடுபட்டிருப்பது அதிர்ச்சி அளிக்கிறது. கீழ்க்கண்ட நூல்களைச் சேர்க்கவும்." கீழே கண்ட நூல்கள் இரண்டு பக்கத்துக்குப் போயின. எல்லாம் ஒரே ஆள் எழுதியவை. கடைசியில், "கட்டுரை கேள்வியில் முடிகிறது. கேள்வி கேட்பது மாணவர் வேலை. ஜன்னல் ஓரம் அமர்ந்த ஒரே ஓர் அலகு விலகிச் சென்றதெல்லாம் புள்ளிவிவர அளவில் பொருட்படுத்தத் தக்கதல்ல. அதையும் நீக்கி, 'மேலும் ஆய்வு தேவை' என முடிக்கவும்" என்று இருந்தது.

அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். முதல் பாதிக்குச் சிரித்தாள். சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டாம் பாதிக்கு அந்தத் தண்ணீர் அப்படியே நின்றது.

"என் பொண்ணைத் தூக்கிட்டு என்னடா கட்டுரை வேண்டிக்கிடக்கு?"

"அக்கா, இவங்க சொன்னபடி செஞ்சாத்தான் போடுவாங்க."

"எல்லாத்தையும் மாத்து. 'நான்' வேணாமா, தூக்கு. நான் இல்லாட்டி என்ன இப்போ. அந்த ஆளோட புஸ்தகத்தையும் சேத்துடு, பாவம், யாரும் படிக்கலை போல இருக்கு. ஜன்னலம்மாவை மட்டும் தொடாதே. கேள்வியையும் தொடாதே."

கேள்வியை நடுப்பக்கத்தில் ஒளித்து வைத்து மறுபடி அனுப்பினேன். இதற்குள் அக்காவின் கழுத்தில் மறுபடி வீக்கம் கண்டது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அவர் பேசியதை இங்கே எழுதப் போவதில்லை. அவர் சொன்ன அவகாசத்துக்குள் இவர்கள் பதில் தரப் போவதில்லை என்பது மட்டும் எனக்கு விளங்கிவிட்டது. லீவு போட்டுவிட்டு ஆய்விதழ் அலுவலகத்துக்குக் கிளம்பினேன்.

அலுவலகம் ஒரு பெரிய கட்டடத்தின் நான்காம் மாடியில் இருந்தது. முதல் அறை பெயர் மறைப்புப் பிரிவு. அங்கே இருந்த அம்மா கட்டுரைகளில் எழுதியவர் பெயர் வரும் இடங்களைக் கறுப்பு மையால் அழித்துக்கொண்டிருந்தார். தன் மேஜையில் இருந்த தன் பெயர்ப் பலகையையும் அழித்திருந்தார். "ஒரு பழக்கத்துல கை போயிடுச்சு" என்றார்.

"என் அக்கா கட்டுரை இப்ப யார்கிட்ட இருக்குன்னு தெரியுமாங்க?"

"எங்களுக்குத் தெரிஞ்சா அப்புறம் என்ன மறைப்பு? எங்க வேலை அவ்வளவு சுத்தம் சார். யார் எழுதினது, யாருக்குப் போச்சு, எங்களுக்கே தெரியாது. போன வருஷம் பரிசு வாங்கின கட்டுரையை எழுதினவரை இன்னும் தேடிட்டிருக்கோம்."

முதன்மைப் பதிப்பாசிரியர் அன்பானவர். நாற்காலியைத் துடைத்து உட்காரச் சொன்னார். சுவர் முழுக்க அந்த ஆய்விதழின் பழைய தொகுதிகள். ஒன்றில்கூட ஒட்டியிருந்த பக்கங்களை யாரும் அறுத்துப் பிரித்திருக்கவில்லை. என் பார்வை போவதைக் கவனித்துவிட்டு அவரே ஆரம்பித்தார்.

"கல்வி என்றால் என்ன? இந்தக் கேள்வியை நாங்க முதல் இதழ்லேருந்து கேட்டுட்டு வர்றோம். பதில் கிடைச்சுட்டா பத்திரிகையை மூட வேண்டியதுதான். அதனால ரொம்ப ஜாக்கிரதையா இருக்கோம்."

"வாசகர்கள் எப்படி, நிறைய உண்டுங்களா?"

"வாசகர்களா?" அவர் முகம் சுருங்கியது. "நமக்கு மேற்கோள் காட்டறவங்கதான் முக்கியம் தம்பி. படிக்கறவங்களால என்ன பிரயோசனம்? படிச்சுட்டு சும்மா இருந்துடறாங்க. மேற்கோள் காட்டறவங்களுக்குப் படிக்க நேரம் கிடையாது, அவங்களைக் குறை சொல்லக் கூடாது. போன மாசம் ஒருத்தர் ரொம்பத் தெளிவா ஒரு கட்டுரை அனுப்பிட்டார். வீட்டுல மேஜை மேல வெச்சிருந்தேன். என் பையன் எடுத்துப் படிச்சுட்டு, நல்லா இருக்குப்பான்னுட்டான். அதை எப்படிப் போடறது, சொல்லுங்க? திருப்பி அனுப்பிட்டேன்."

நான் கையைப் பிசைந்துகொண்டு விஷயத்தைச் சொன்னேன். அக்காவின் குரல், ஜன்னலம்மா, டாக்டர் பேசியது, எல்லாம். அவர் கேட்கக் கேட்கக் கண் கலங்கினார். உண்மையாகவே கலங்கினார், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"மனசு கஷ்டமா இருக்கு தம்பி. ஆனா பாருங்க, எழுதினவர் யாருன்னு எனக்குத் தெரியக் கூடாது. நீங்க சொல்லிட்டீங்க. நான் இப்ப இந்தக் கட்டுரைலேருந்து விலகியாகணும். புதுசா ஒரு பதிப்பாசிரியர் வருவார். அவர் முதல்லேருந்து ஆரம்பிப்பார். மொழிச் செம்மைக்கு அனுப்புவார், மூணாவதா ஒரு மதிப்பீட்டாளரையும் போடுவார். அதுதான் முறை."

"ஐயா, நான் எதுவும் சொல்லலைன்னு வெச்சுக்கங்க."

"நேர்மைன்னு ஒண்ணு இருக்கில்ல?" என்று எழுந்து என் தோளைத் தட்டி வழியனுப்பி வைத்தார். படியிறங்கும்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. சீக்கிரம் பதில் வரும் என்று சொன்னேன். கட்டில் அருகே இருந்த ஸ்டூலில் கைப்பேசியைத் திரை மேலே தெரியும்படி வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் அது கூடவே வந்தது. ஏதாவது சத்தம் வந்தால் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவாள். நான் எடுத்துப் பார்த்துவிட்டு, "கம்பெனிக்காரன்க்கா, விளம்பரம்" என்பேன். ஒரு நாள் என்னைக் குனியச் சொன்னாள்.

"அவளை யாராவது கூப்பிட்டிருப்பாங்களாடா, போன ஊர்ல?"

"கூப்பிட்டிருப்பாங்கக்கா."

"உனக்கு எப்படித் தெரியும்? பதில் தெரியாட்டி தெரியலைன்னு சொல்லணும்" என்று காற்றுக் குரலில் அதட்டினாள். அந்த வாரத்துக்குள் போய்விட்டாள்.

காரியங்கள் முடிந்து அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பெயர் மறைப்புப் பிரிவு அம்மாதான் எடுத்தார். கட்டுரையாளர் இறந்துட்டாங்க என்று நான் சொல்லி முடிப்பதற்குள், "ஐயோ சார், சொல்லாதீங்க சொல்லாதீங்க" என்று பதறினார். "நீங்க சொன்னா அது யார் கட்டுரைன்னு எங்களுக்குத் தெரிஞ்சுடும், மறுபடி முதல்லேருந்து போகணும். நீங்க சொல்லலை, நான் கேக்கலை. மனசைத் தேத்திக்கங்க." பாவம், அவர் குரலும் கம்மித்தான் இருந்தது.

அப்புறம் நான் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. கல்லூரிக்குப் போவேன், கரும்பலகையில் எழுதுவேன், வருவேன். வீடு அமைதியாக இருக்கும். அக்கா கடைசிக் காலத்தில் சத்தமே போட்டதில்லை, ஆனாலும் வீடு இப்போதுதான் அமைதியாக இருப்பதாகத் தோன்றியது.

சில மாதங்கள் கழித்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. 'ஆசிரியரின் மௌனம்' துறையின் வல்லுநரான தாங்கள் இணைப்பில் உள்ள கட்டுரையை மதிப்பிட்டு உதவ வேண்டும் என்று அந்த ஆய்விதழ் கேட்டிருந்தது. அந்தத் துறையில் அவர்கள் கணக்கில் என்னைத் தவிர வேறு வல்லுநர் இல்லை. எரிச்சலோடு திறந்தேன். எழுதியவர் பெயர் இருந்த இடமெல்லாம் கறுப்பு. தலைப்பு, "ஒலிநீக்கச் சூழலில் கற்றல் அலகுகளின் இடைவினைப் பாங்கு." நாலு பக்கம் படித்தேன், ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. எந்த மகானுபாவன் எழுதினானோ, திருப்பி அனுப்பித் தொலைக்கலாம் என்று கையைக் கொண்டுபோனேன். அப்போது நடுப்பக்கத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது.

"இச்சூழலில், சாளரத்தை அண்மித்த கற்றல் அலகு ஒன்று இடைவிலகல் எய்தியது. இதன் பொறுப்பு எவரைச் சாரும் என்பது ஆராயத் தக்கது."

முதலில் விளங்கவில்லை. மறுபடி படித்தேன். சாளரம் என்றால் ஜன்னல்.

ஜன்னலம்மா! செம்மைப் பிரிவு அக்காவை வார்த்தைக்கு வார்த்தை துடைத்து எடுத்திருந்தது. பிள்ளைகள் போட்ட சண்டை இல்லை, தப்பாகப் படித்த எழுத்து இல்லை, காற்றாக வந்த குரல் இல்லை. எப்படியோ அந்த ஒரு பெண் மட்டும் தட்டுத் தடுமாறி உள்ளே வந்து உட்கார்ந்திருந்தாள். நான் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். அக்கா போன அன்றுகூட அப்படி அழவில்லை.

விஷயத்தைச் சொல்லி விலகியிருக்க வேண்டும், அதுதான் முறை. சொன்னால் முதலிலிருந்து போகும். அதோடு, வல்லுநர் கருத்து என்று ஒரு பெரிய வெள்ளைக் கட்டம் எனக்கு முன்னால் திறந்து கிடந்தது. பதில் தெரிந்தவர்கள் யாராவது இருப்பார்கள் என்று அக்கா நம்பினாளே, அந்த யாராவது நான்தான் என்று அப்போதுதான் உறைத்தது. எனக்கு அன்றும் பதில் தெரியவில்லை, இன்றும் முழுசாகத் தெரியாது. ஆனால் அந்த மாதங்களில் நான் வேறு எதைப் பற்றி யோசித்தேன்? எழுதினேன்.

"இதை எழுதிய டீச்சருக்கு. உங்கள் கட்டுரையைப் படித்தேன். உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன். குரல் போனது உங்களுக்கு மட்டும்தான். அந்தப் பள்ளியில் தலைமையாசிரியருக்குக் குரல் இருந்தது. பக்கத்து வகுப்பு டீச்சருக்கு இருந்தது. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. உங்கள் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கேட்கக் கற்றுக்கொண்டார்கள் என்கிறீர்கள். அது பாதிதான் சரி. பேசுகிறவர்களைத்தான் கேட்டார்கள். பேசாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவளைக் கூப்பிட வேண்டும் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதைக் கற்றுக்கொடுக்க உங்களுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. தப்பு உங்களுடையது இல்லை என்று சொல்லி ஏமாற்ற மாட்டேன். உங்களுடையது மட்டும் இல்லை. இதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை."

கட்டுரையை வெளியிடலாமா என்ற கட்டத்தில் 'ஆம்' என்று குறித்து அனுப்பினேன்.

சில நாள் கழித்து, ஸ்டூல் மேல் சார்ஜில் கிடந்த அக்காவின் கைப்பேசி சத்தம் போட்டது. அதை நான் அணைத்து வைக்கவே இல்லை, ஏன் என்று கேட்காதீர்கள். எடுத்துப் பார்த்தேன். ஆய்விதழிலிருந்து அக்காவுக்கு மின்னஞ்சல். கட்டுரை ஏற்கப்பட்டதாம், வாழ்த்துகளாம். அதன் கீழே மூன்றாம் மதிப்பீட்டாளர் கருத்து என்று, நான் எழுதியது ஓர் எழுத்து விடாமல் வந்திருந்தது. அக்கா கேட்ட பதில், அக்கா சொன்ன முகவரிக்கு. அதற்கும் கீழே புதிய பதிப்பாசிரியரின் குறிப்பு:

"மூன்றாம் மதிப்பீட்டாளர் கட்டுரையை மதிப்பிடாமல் அதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். எமது இதழின் வரலாற்றில் இப்படி நேர்ந்ததில்லை. தங்களுக்கு ஏற்பட்ட மனவருத்தத்துக்கு மன்னிக்கவும். அவரது கருத்தைப் பொருட்படுத்த வேண்டாம். அவர் வல்லுநர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டார்."

கடைசியில் இரண்டு பொத்தான்கள். மதிப்பீட்டாளர் கருத்துகளுக்குக் கட்டுரையாளரின் மறுப்பு உண்டு, இல்லை. 'இல்லை' என்று அழுத்தினால் அடுத்த இதழிலேயே அச்சுக்குப் போய்விடும்.

அக்கா இதைப் படித்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டாள். பாதிதான் சரியா, எந்தப் பாதிடா, ஒன்றாம் வகுப்புக்குள்ள ஒரு நாள் வந்து நின்னு பாத்திருக்கியாடா நீ என்று என் காதைப் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டு சண்டை போட்டிருப்பாள். எனக்கு அது தெரியும். அவளுக்கு மறுப்பு இல்லை என்று நான் எப்படி அழுத்துவது?

'உண்டு' என்று அழுத்தினேன். விவரம் எழுதுக என்று ஒரு கட்டம் திறந்தது. அதில் எழுத வேண்டியவள் அவள். அப்படியே விட்டுவிட்டேன்.

அதனால் கட்டுரை இன்னும் வெளிவரவில்லை. கல்லூரி முடிந்து வந்ததும் அக்காவின் கைப்பேசியை எடுத்துப் பார்க்கிறேன். கட்டுரையின் நிலை என்ற இடத்தில் எப்போதும் ஒரே வரிதான் இருக்கிறது: "கட்டுரையாளரின் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்."